அணி ஊரை விட்டுப் போவது ஏன்? ஐஸ் ஹொக்கி கேள்வி பதில்

நான் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். 2009 முதல் பதினொரு ஆண்டுகள் கனடாவின் வினிபெக் நகரில் இருந்தேன். அதில் பெரும்பகுதி, அங்குள்ள ஐஸ் ஹொக்கி அரங்கில் இரவுத் துப்புரவு வேலை. அணியைப் பறிகொடுத்த ஓர் ஊருக்கு மீண்டும் ஓர் அணி கிடைத்த நாளைக் கண்ணால் பார்த்தவன் நான். நொடிந்துபோன தொழில்முறை அணிகள் ஊர் மாறுவதைப் பற்றி அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

ஹட்டன், உயர்தர வகுப்பு மாணவர்: அரிசோனா அணி 2024இல் யூட்டாவுக்குப் போய்விட்டது. பாலைவனத்தில் ஐஸ் ஹொக்கி பார்க்க ஆள் வராததுதானே காரணம்?

தம்பி, எல்லோரும் சொல்லும் காரணம் இது. ஆனால் லாஸ் வேகஸும் பாலைவனம்தான். அங்கே 2017இல் புதிய அணி தொடங்கியது, அரங்கு நிறைந்தது, 2023இல் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கியின் முதன்மைக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தையே வென்றார்கள். வெயில் இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கும்போது ஒன்று வாழ்ந்து மற்றது ஏன் சாக வேண்டும்?

அரிசோனாவின் கதையை அரங்குகளின் கதையாகப் படியுங்கள். 1996இல் வினிபெக்கிலிருந்து பீனிக்ஸுக்குப் போன அணி அது. முதலில் விளையாடியது கூடைப்பந்துக்காகக் கட்டிய அரங்கில். பல இருக்கைகளிலிருந்து ஒரு பக்கத்து கோல் தெரியாது. 2003இல் மேற்குப் புறநகரான கிளென்டேலில் புது அரங்கு கிடைத்தது. டிக்கெட் வாங்கக்கூடியவர்களில் பலர் குடியிருந்ததோ கிழக்குப் பக்கத்தில். 2009இல் அணி வங்குரோத்தானது. கனடாவின் ஹமில்டனுக்குக் கொண்டுபோக ஒரு கனேடியக் கோடீஸ்வரர் முயன்றார்; நீதிமன்றம் இடம் தரவில்லை. கடைசியில் தேசிய ஹொக்கி லீக்கே, அதாவது என்.எச்.எல்., 140 மில்லியன் டொலர் கொடுத்து அணியை வாங்கிக்கொண்டது. அணியை ஊரில் வைத்திருப்பதற்காக கிளென்டேல் நகரசபை அடுத்த இரண்டு பருவங்களுக்குத் தலா 25 மில்லியன் டொலர் கொடுத்தது. பிறகு அந்த உறவும் கசந்தது. 2021இல் நகரசபை, இனி ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று சொல்லிவிட்டது.

அதன்பின் இரண்டு பருவங்கள், பீனிக்ஸ் பக்கத்து டெம்பியில் ஒரு பல்கலைக்கழக அரங்கு. ஐயாயிரம் பேர்கூடக் கொள்ளாது. அங்கேயே சொந்த அரங்கு கட்டும் திட்டத்தை 2023 மே மாதம் மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். பதினொரு மாதத்தில் அணி போய்விட்டது.

இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன். ஓர் அணி தடுமாறுகிறது என்று கேள்விப்பட்டால் முதலில் தலைகளை எண்ணாதீர்கள். அரங்கு யாருடையது, குத்தகை எப்போது முடிகிறது என்று கேளுங்கள். சொந்த ஊரில் ஆடுவது ஒரு பருவத்துக்கு நாற்பது சொச்சம் ஆட்டம்தான். மற்ற நாட்களின் இசை நிகழ்ச்சி, வாகனத் தரிப்பிடம், சாப்பாட்டுக் கடை, வசதியுள்ளவர்கள் வாடகைக்கு எடுத்து ஆட்டம் பார்க்கும் கண்ணாடி அறை இவற்றின் வருமானம் அரங்கைக் கையில் வைத்திருப்பவருக்குப் போகும். ஹட்டன் நகரில் வாடகைக் கடையில் வியாபாரம் செய்பவர்களைக் கேளுங்கள், கட்டடக்காரர் மனம் மாறினால் என்ன நடக்கும் என்று சொல்வார்கள்.

நுவரெலியா, ஹோட்டல் ஊழியர்: ஜனவரியில் இங்கே புல்லெல்லாம் உறைபனி. கிரகரி வாவிப் பக்கம் ஐஸ் ஹொக்கி ஆட முடியுமா?

முடியாது. உறைபனி வெயில் ஏறியதும் போய்விடும்; வாவி உறைவதே இல்லை. அரங்கின் ஐஸ் வானிலையால் வருவதல்ல. கொங்கிரீட் தரைக்குள் குழாய்கள் ஓடும், அவற்றில் குளிரூட்டிய உப்புநீர் ஓடும், மேலே ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய கனத்தில் ஐஸ். அதனால்தான் லாஸ் வேகஸிலும் ஆடுகிறார்கள்.

மாத்தளை, முன்னாள் பாடசாலை அணி வீரர்: நம் ஊர் ஹொக்கிக்கு இதில் ஏதாவது பாடம் உண்டா?

அண்ணன், மாத்தளை நாட்டுக்கே ஹொக்கி வீரர்களைக் கொடுத்த ஊர். அதற்கு நான் பாடம் சொல்ல முடியாது. ஆனால் அது புல்தரை ஹொக்கி. நான் பேசுவது ஐஸ்மேல் ஆடும் வேறோர் ஆட்டம். இதே கேள்வியை இன்னும் நால்வர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுவே பதில்.

பண்டாரவளை, வங்கி ஊழியர்: யூட்டா உரிமையாளர் எதை விலைக்கு வாங்கினார்? அணியின் பெயரையா, வீரர்களையா?

நல்ல கேள்வி. விலை 1.2 பில்லியன் டொலர். அதில் ஒரு பில்லியன் பழைய உரிமையாளருக்கு. 200 மில்லியன் மற்ற அணிகளின் உரிமையாளர்களுக்கு, இடமாற்றக் கட்டணமாக. வாங்கப்பட்டவை வீரர்களின் ஒப்பந்தங்கள், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள், பயிற்சியாளர் குழு. பெயரும் சின்னமும் வரலாறும் அரிசோனாவிலேயே நின்றுவிட்டன. ஐந்து ஆண்டுக்குள் அரங்கு கட்டினால் அங்கே புதிய அணி தொடங்கலாம் என்ற உரிமையும் பழையவருக்கு இருந்தது. அரங்குக்காக அவர் குறிவைத்த அரச நிலத்தின் ஏலம் ரத்தானது. சில நாட்களிலேயே அவர் கைவிட்டுவிட்டார். யூட்டா அணி முதல் பருவத்தைத் தனிப் பெயரில்லாமலே ஆடி, 2025இல் ‘மாமத்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது.

வாங்கியவர் யார் என்றும் பாருங்கள். அணி குடியேறிய சோல்ட் லேக் சிற்றியின் கூடைப்பந்து அணியும் அரங்கும் ஏற்கெனவே அவர் கையில்.

நாவலப்பிட்டி: கனடாவில் அரங்கு வேலைக்கு விசா எடுப்பது எப்படி?

இதற்கு நான் ஆள் இல்லை. எந்த முகவருக்கும் பணம் கொடுக்கும் முன், அவருக்கு உரிமம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள்.

கம்பளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: கனடா ஹொக்கியின் தாய்வீடு என்கிறார்கள். அங்கிருந்தே அணிகள் போனது எப்படி?

ஐயா, டொலர்தான். 1990களில் கனேடிய அணிகளுக்கு வருமானம் கனேடிய டொலரில், வீரர் சம்பளம் அமெரிக்க டொலரில். கனேடிய டொலர் சரியச் சரிய, ஒரே அரங்கு, ஒரே கூட்டம், ஆனால் செலவு மட்டும் ஏறியது. 2022இல் ரூபா சரிந்தபோது நாம் உரமும் மருந்தும் வாங்கிய பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1995இல் கியூபெக் அணி கொலராடோவுக்குப் போய், அடுத்த ஆண்டே கிண்ணத்தை வென்றது. ஒரு வருடம் பொறுத்திருந்தால் அந்த ஊர்வலம் தங்கள் தெருவில் போயிருக்கும் என்ற வேதனை கியூபெக்காரர்களுக்கு இன்னும் ஆறவில்லை. 1996இல் வினிபெக் அணி போனது. வீரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு 2005இல்தான் வந்தது.

டிக்கோயா: அரங்கு முக்கியம் என்கிறீர்கள். அப்படியானால் நல்ல அரங்கு கட்டினால் அணி வந்துவிடுமா?

வராது. கியூபெக் நகரம் ஏறக்குறைய 370 மில்லியன் கனேடிய டொலரில், 18,000 இருக்கைகளோடு கட்டி 2015இல் திறந்தது. என்.எச்.எல். அணி வரவில்லை. மக்கள் பணத்தில் அரங்கு கட்டச் சொல்லி எந்த ஊரிலாவது யாராவது வந்தால், அணியின் கையெழுத்து முதலில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மஸ்கெலியா, முன்னாள் தொழிற்சங்கத் தலைவர்: அணி ஒரு சொத்து. சொந்தக்காரர் விரும்பிய இடத்துக்குக் கொண்டுபோகிறார். இதில் கண்ணீர் விட என்ன இருக்கிறது? 1964இல் நம் மக்களையே இரண்டு அரசுகள் பங்கு பிரித்தன. அப்போது நம்மை யார் கேட்டார்கள்?

ஐயா, இந்தக் கேள்வியை விட்டு என்னால் எளிதில் நகர முடியவில்லை.

ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எழுதியது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தது. என் அம்மாயியின் தங்கை அந்தக் கணக்கில் போனவர். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி நகர்ந்தபோது, ஜன்னல் வழியே நீட்டிய கையை விட மனமில்லாமல் மேடை முடியும்வரை ஓடியதாக அம்மாயி சொல்வார். கையில் கண்ணாடி வளையல் உடைந்து கீறிய தழும்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதையும் ஒரு விளையாட்டு அணி போவதையும் ஒரே தராசில் நான் வைக்க மாட்டேன்.

ஆனால் சொத்துத்தானே என்பதை ஏற்க முடியவில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோது என்ன நடந்தது? துரைமார் மாறினார்கள், லயமும் தேயிலையும் ஆட்களும் அங்கேயே இருந்தோம். அணி விற்கப்படும்போது நேர்மாறு. வீரரின் ஒப்பந்தம் அவரோடு போகும். வாசலில் டிக்கெட் பார்ப்பவர், சமையல்கட்டில் நிற்பவர், என்னைப் போலத் துடைப்பம் பிடிப்பவர், இவர்களுக்கு அரங்கில் நாற்பது சொச்சம் இரவு வேலை குறையும். விற்பனைப் பத்திரத்தில் இவர்கள் எந்த வரியிலும் இல்லை.

லிந்துலை, ஆசிரியை: மஸ்கெலியா ஐயாவுக்கு ஒரு வார்த்தை. மனிதர்களின் துயரத்தைப் பந்தாட்டத்தோடு ஒப்பிடுவதே தவறு.

மஸ்கெலியா: நான் ஒப்பிடவில்லை மகள். பணக்கார நாட்டு ரசிகனுக்காக உருகும் மனம் நம் ஆட்களுக்காகவும் உருகட்டும் என்றேன்.

பொகவந்தலாவை, இளைஞர்: கேட்காமல் முடிவெடுப்பது இரண்டிலும் ஒன்றுதானே? மக்கள் சேர்ந்து ஓர் அணியைத் தடுத்து நிறுத்திய கதை உண்டா?

இந்த விவாதத்துக்கு மேலும் பதினாறு பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். ஆசிரியை சொல்வது சரி. ஐயா சொல்வதும் எனக்குப் புரிகிறது. பொகவந்தலாவைத் தம்பிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது என் துறைக்குள் வருகிறது.

உண்டு. 1998இல் எட்மன்டன் அணியை ஹூஸ்டனுக்குக் கொண்டுபோக ஒருவர் விலை பேசினார். உள்ளூர் முதலீட்டாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் பணத்தைக் கூட்டி, கெடு முடிவதற்குள் அணியை வாங்கினார்கள். அணி இன்றும் அங்கேதான். அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க்கில், அந்த அணியின் நட்சத்திர வீரராக இருந்த மரியோ லெமியூ, வங்குரோத்தான அணி தனக்குத் தர வேண்டிய சம்பளப் பாக்கியைப் பங்காக மாற்றி, உரிமையாளராகி அணியை அங்கேயே நிறுத்தினார். ஆனால் எட்மன்டனில் சேர்ந்தவர்கள் காசுள்ளவர்கள். ஊர்வலம் போனதால் மட்டும் நின்ற அணி எதையும் எனக்குத் தெரியாது. 1995இல் வினிபெக்கில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள், சிறுவர்கள் உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள். ஒரு பருவம்தான் கூடக் கிடைத்தது.

கண்டி: எல்.பி.எல். கிரிக்கெட் போட்டியின் கண்டி அணியும் இப்படித்தானே?

பெயர் அடிக்கடி மாறியது, ஊர் மாறவில்லை. கிரிக்கெட்டை அறிந்தவரிடம் கேளுங்கள்.

ஹப்புத்தளை: அட்லாண்டா இரண்டு முறை அணியை இழந்தது. அங்கே கூட்டம் வராததுதானே காரணம்?

கூட்டம் பற்றிய ஏழாவது கேள்வி இது. மேலே எழுதியதைத் தயவுசெய்து படியுங்கள். 1980இல் கல்கரிக்கும் 2011இல் வினிபெக்குக்கும் அணிகள் போயின. இரண்டாவது முறை விற்றவர்களிடம் கூடைப்பந்து அணியும் அரங்கை நடத்தும் உரிமையும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு ஹொக்கியை மட்டும் விற்றார்கள். அரங்கைக் கையில் வைத்திருந்தவர்களே ஹொக்கியை வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு, அந்த அணிக்கு ஊருக்குள் போக வேறு இடம் ஏது?

இராகலை, பதினோராம் தர மாணவி: அணி திரும்பி வந்த நாளில் நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

2011 மே 31, மகள். அட்லாண்டா அணி வினிபெக்குக்கு வருகிறது என்று அறிவித்த நாள். போர்ட்டேஜ், மெயின் என்ற இரண்டு பெரிய தெருக்கள் சந்திக்கும் மூலையில் சனம் கூடிவிட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற முதியவர் பழைய அணியின் ஜாக்கெட் அணிந்திருந்தார். பூச்சி அரித்த வாசனை. பதினைந்து வருடம் பெட்டிக்குள் இருந்தது என்றார். சிப்பு ஏறவில்லை, வயிற்றைப் பிடித்தபடி நின்றார். சில நாட்களில் 13,000 பருவகால டிக்கெட்டுகளை விற்றாக வேண்டியிருந்தது. பொது விற்பனை திறந்து 17 நிமிடத்தில் தீர்ந்தது. ஒக்டோபரில் முதல் ஆட்டம், மொன்ட்ரியலுக்கு எதிராக. 5–1 என்று தோற்றார்கள். அரங்கை விட்டு யாரும் எழவில்லை.

பதுளை, கணக்காளர்: உங்கள் விதிப்படி பார்த்தால் வினிபெக் பாதுகாப்பான ஊர். அணியும் அரங்கும் ஒரே கையில். பிறகு ஏன் அந்த அணியின் உரிமையாளரே 2024இல் கவலை தெரிவித்தார்?

ஐயா, என் விதி எட்டாத இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். 13,000ஆக இருந்த பருவகால டிக்கெட்டுகள் அப்போது பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தன. இப்படியே நெடுங்காலம் ஓட்ட முடியாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அரங்கு வாடகைக்கு என்றால் குத்தகையைப் பாருங்கள் என்பேன். அரங்கு சொந்தம் என்றால், அதுவும் 15,000 இருக்கைகள் கொண்ட அரங்குள்ள சிறிய ஊர் என்றால், தலைகளை எண்ணத்தான் வேண்டும். இதை முதல் பதிலிலேயே நான் சேர்த்திருக்க வேண்டும்.

2019 கடைசியில் எனக்கே அது தென்பட்டது. ஆட்டம் முடிந்த பிறகு மேல்தட்டு வரிசைகளைக் கூட்டுவது என் வேலை. வழக்கமாக ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே சோளப்பொரி, கசங்கிய கோப்பை, சில நாள் ஒரு குழந்தையின் கையுறை கிடக்கும். அந்த மார்கழியில் மூலைப் பக்கத்துச் சில வரிசைகளில் துடைப்பத்துக்கு வேலையே இருக்கவில்லை.