கீசரில் சுண்ணாம்பு, துணியில் துரு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தோட்டத்துக்கென்று போட்ட போர் தண்ணீரை ஒரு வருடமாக வீட்டுக்குள்ளும் விடுகிறோம். 150 லிட்டர் கீசர் சூடேறும்போது கடகடவென்று சத்தம் கேட்கிறது. கெட்டிலில் வெள்ளைச் செதில் மிதக்கிறது. முனிசிபல் தண்ணீரில் இப்படி ஆனதில்லையே?
– வாசகி, லெனேஷியா (ஜோகன்னஸ்பர்க், தென்னாப்பிரிக்கா)

பதில்: லெனேஷியாவின் பல பகுதிகளுக்கு அடியில் இருப்பது டோலமைட் பாறை. கால்சியமும் மக்னீசியமும் கார்பனேட்டாகச் சேர்ந்தது அது. மண்ணில் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பாறையைக் கரைத்தபடியே உங்கள் போருக்கு வருகிறது. முனிசிபல் குழாயில் வருவது வால் அணையின் ஆற்றுநீர். அதில் இவ்வளவு சுண்ணாம்பு கிடையாது.

தண்ணீர் குளிர்ந்திருக்கும்வரை தொல்லை இல்லை. சூடு ஏறியதும் கரியமில வாயு பிரிந்துபோக, கால்சியம் கார்பனேட் கல்லாகப் படிகிறது. அதிகச் சூடான இடம் எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பி) என்பதால் முதலில் அங்கேதான் ஒட்டும். படிவுக்கு அடியில் சிக்கிய நீர் கொதித்து ஆவியாக வெடிப்பதுதான் நீங்கள் கேட்கும் சத்தம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை (கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவு) உள்ள தண்ணீர் நாளுக்கு 150 லிட்டர் சூடானால், 45 கிராம் சுண்ணாம்பு கீசர் வழியே போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு தங்கினாலே வருடத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல்.

இதனால் மின்கட்டணம் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எலிமென்ட் தண்ணீரில் மூழ்கியே இருக்கிறது. அதன் சூடு தண்ணீரைத் தவிர வேறெங்கும் போகாது. நஷ்டம் எலிமென்டுக்குத்தான். சூடு வெளியேற வழியில்லாமல் அதன் உறை மிதமிஞ்சிக் காய்ந்து, விரிசல் விட்டு, ஒருநாள் மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழும். கூரையில் சோலார் கீசர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குடிநீரே நேராகக் கலெக்டருக்குள் (வெயிலில் சூடேறும் பலகைக்குள்) ஓடும் வகையானால், அந்தக் குறுகிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது: டிபி போர்டில் (வீட்டு மின்சுவிட்ச் பலகையில்) கீசர் சுவிட்சை அணைத்து, குளிர்நீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வடிகுழாய் வழியே கீசரைக் காலி செய்ய வேண்டும். இதைப் பிளம்பரிடம் விடுங்கள். எலிமென்டைக் கழற்றும்போது தொட்டி துருப்பிடிக்காமல் அதற்குப் பதிலாகத் தான் அரிபடும் மக்னீசியம் ஆனோட் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். நடுக் கம்பி தெரியுமளவு தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கேஸ்கெட்டும் புதிதாகப் போடட்டும். பாதுகாப்பு வால்வில் சுண்ணாம்பு இறுகியிருக்கிறதா என்பதை மட்டும் மறக்காமல் கேளுங்கள். எலிமென்ட் போனால் குளிர்ந்த நீரில் குளிப்பதோடு சரி. அந்த வால்வு திறக்காமல் போனால் தொட்டியே வெடிக்கலாம். படிவைக் குறைக்கத் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு இறக்காதீர்கள். லெஜியோனெல்லா கிருமியைத் தடுக்க 60 டிகிரி வேண்டும்.

கெட்டிலுக்கு: ஒரு லிட்டர் தண்ணீரைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து அணைத்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி (சுமார் 30 கிராம்) சிட்ரிக் அமிலம் போட்டு அரைமணி நேரம் விடுங்கள். கொதிக்க விட்டால் கரையாத கால்சியம் சிட்ரேட் உண்டாகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். அலசியபின் நல்ல தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். ப்ளீச்சோடு எந்த அமிலத்தையும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: வாஷிங் மெஷினில் போட்ட பள்ளிச் சட்டைகளில் பழுப்புக் கறை. தண்ணீரை மென்மையாக்கும் கருவி வாங்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: வாங்காதீர்கள். டர்பன் குழாய்த் தண்ணீர் உம்கெனி ஆற்றின் அணைகளிலிருந்து வரும் மென்மையான நீர். பழுப்பு நிறம் பெரும்பாலும் இரும்புத் துரு. காலையில் முதலில் வரும் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொரு வாளி பிடியுங்கள். இரண்டாவது தெளிவாக இருந்தால் குற்றம் உங்கள் வீட்டுப் பழைய கால்வனைஸ் குழாயில். கறைக்கு ப்ளீச் போட்டால் துரு இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவையுங்கள்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை 310 என்று பரிசோதனையில் வந்தது. நால்வர் உள்ள வீடு. எவ்வளவு பெரிய சாஃப்ட்னர் (தண்ணீரை மென்மையாக்கும் கருவி) தேவை? எனக்கு இரத்த அழுத்தம் உண்டு.
– வாசகர், லாடியம்

பதில்: லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினாலே மிகக் கடினம். ஆளுக்கு 150 லிட்டர் என்றால் நாளுக்கு 600 லிட்டர், அதாவது 186 கிராம் சுண்ணாம்பு. ஒரு லிட்டர் ரெசின் (கருவிக்குள் சுண்ணாம்பைப் பிடிக்கும் சிறு மணிகள்) ஏறக்குறைய 50 கிராமைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள கருவி வாரத்துக்கு ஒருமுறை உப்பால் கழுவப்படும். ஒவ்வொரு கழுவலுக்கும் சுமார் 3 கிலோ உப்பு. போர் தண்ணீரில் இரும்பும் இருந்தால் அதற்கான ஃபில்டர் முதலில் வர வேண்டும்; இல்லையென்றால் ரெசின் கெட்டுப்போகும்.

கால்சியத்துக்குப் பதிலாக இந்தக் கருவி சோடியத்தை விடுகிறது. உங்கள் கணக்கில் லிட்டருக்கு 140 மில்லிகிராம்போலக் கூடும். ஆகவே சமையலறைக் குளிர்நீர்க் குழாயைக் கருவிக்கு முன்பே பிரித்துவிடுங்கள். கழுவிய உப்புநீரைக் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் விட்டால் செடி போய்விடும், சாக்கடைக்கு விடுங்கள். குழாயில் மாட்டும் காந்தக் கருவிகளுக்கு நான் பணம் செலவழிக்க மாட்டேன்.

கேள்வி: புரட்டாசி முழுக்க வீட்டில் பருப்புதான். போர் தண்ணீரில் எவ்வளவு நேரமானாலும் வேகவில்லை.
– வாசகி, செஞ்சூரியன்

பதில்: பருப்பின் தோலிலும் உள்ளும் இருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிவிடுகிறது. மழைநீரிலோ முனிசிபல் தண்ணீரிலோ ஊறவைத்து அதிலேயே வேகவையுங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் ஒரு கப் பருப்புக்கு எட்டில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போதும். கூடினால் சோப்பு வாடை வரும். புளியைப் பருப்பு குழைந்தபிறகே ஊற்றுங்கள், புளிப்பும் வேகவிடாது.