முடக்குவாதம்: ரத்த அறிக்கையும் மூட்டுச் சேதமும் – கேள்வி பதில்

உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து வாசகர்களின் கேள்விகளுக்கு மூட்டுவாத மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.

பாலக்கோடு: ஐயா, என் மனைவிக்கு மூன்று மாதமாக விரல் வீக்கம். ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ் என்று வந்துள்ளது. முடக்குவாதம் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க வேண்டாம். முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்துப் பேரில் மூவருக்கு அந்தப் பரிசோதனை நெகட்டிவாகவே வரும். ஆகவே அவருடைய கையைப் பாருங்கள். காலையில் புளி தட்ட உட்காரும்போது விரல்கள் மடங்குவதற்கு ஒரு மணி நேரம் ஆகிறதா? விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்களை இருபுறமிருந்தும் மெல்ல அழுத்தினால் முகம் சுளிக்கிறாரா? அப்படியானால் முடக்குவாதத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்ட்டி சி.சி.பி., அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. ஆகியவற்றோடு இரு கைகளுக்கும் இரு பாதங்களுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தை விட்டுவிடாதீர்கள், சுண்டுவிரலின் அடிமூட்டில்தான் எலும்பு அரிபடுவது பலருக்கு முதலில் தென்படுகிறது.

மூட்டின் உட்சவ்வு அழற்சியால் தடித்து, குருத்தெலும்பு மூடாத ஓரத்தில் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அவ்வாறு அரிக்கப்பட்ட எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. இந்தச் சேதத்தில் கணிசமான பகுதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நேர்ந்துவிடுவதால், அறிக்கை பாசிட்டிவாக மாறட்டும் என்று காத்திருப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

ஊத்தங்கரை: ஆன்ட்டி சி.சி.பி. 340 இருந்தது, இப்போது 300. மருந்து வேலை செய்கிறதா, டாக்டர்?

அந்த எண்ணைக் கொண்டு அதை அறிய முடியாது. ஆன்ட்டி சி.சி.பி. அதிகமாக இருந்தால் எலும்பு அரிப்புக்கான அபாயம் அதிகம் என்று பொருள். அதை ஒருமுறை பார்த்தால் போதும். மருந்தின் பலனை வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையும் சி.ஆர்.பி.யும் சொல்லும். அழற்சியைக் காட்டும் இன்னொரு பரிசோதனையான இ.எஸ்.ஆர். ரத்தசோகையாலும் வயதாலும்கூட உயரும், ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம். முடக்குவாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை எடுப்பவராயின், அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளும் மாத்திரை என்பதை நினைவில் வையுங்கள்.

பென்னாகரம்: எங்கள் பக்கத்து மூட்டுவலிக்கெல்லாம் போர்த் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடுதான் காரணம். ரத்தப் பரிசோதனை வீண்செலவு அல்லவா?

உங்கள் கவலையில் நியாயம் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாத ஃபுளோரைடு, நம் இரு மாவட்டங்களிலும் பல கிணறுகளில் அதற்கு மேல் இருப்பது தெரிந்ததே. ஆனால் இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஃபுளோரைடு பாதிப்பில் முதுகும் கழுத்தும் இறுகும். எக்ஸ்ரேயில் எலும்பு அடர்ந்து வெளுத்துத் தெரியும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வுகூட எலும்பாக மாறத் தொடங்கும். முடக்குவாதத்தில் மூட்டையொட்டிய எலும்பு மெலிந்து, ஓரங்களில் அரிபடும். இடுப்புப் பகுதி முதுகெலும்பு பெரும்பாலும் தப்பிவிடும். விரல் கணுக்கள் வீங்கி ஆன்ட்டி சி.சி.பி.யும் பாசிட்டிவாக இருக்கும் ஒருவருக்குத் தண்ணீரைக் காரணமாகச் சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது அவருடைய கைகளைப் பறிப்பதாகும்.

காரிமங்கலம்: பென்னாகரத்து நண்பர் சொல்வது தவறு. 2013 முதல் ஒகேனக்கல் திட்டத்தில் ஃபுளோரைடு குறைந்த காவிரித் தண்ணீர் வருகிறதே. ஃபுளோரைடு காரணமென்றால் வலி போயிருக்க வேண்டாமா?

இந்த வாதத்தையும் நான் ஏற்கவில்லை. எலும்பில் படிந்த ஃபுளோரைடு வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். இறுகிய தசைநார்கள் நல்ல தண்ணீரால் மட்டும் இளகிவிடுவதில்லை. மேலும், காவிரித் தண்ணீர் வரும் வீட்டிலும் சமையலுக்குப் போர்த் தண்ணீரை எடுக்கும் பழக்கம் இருந்தால் ஃபுளோரைடு தொடர்ந்து உடலில் சேரும். ஒரே நபருக்கு இரண்டு நோய்களும் இருக்கவும் கூடும். தண்ணீரையும் சோதியுங்கள், மூட்டையும் சோதியுங்கள்.

அரூர்: ஆர்.ஏ. நெகட்டிவ், ஆனால் வீக்கம் இருக்கிறது. என்ன செய்ய?

பாலக்கோடு வாசகருக்கான பதிலைப் படியுங்கள்.

ஓசூர்: வலியே இல்லை, முழு உடல் பரிசோதனையில் ஆர்.ஏ. சற்று அதிகம்.

மருந்து வேண்டாம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள்.

காவேரிப்பட்டணம்: ஏ.எஸ்.ஓ. அதிகமாக இருப்பதால் முடக்குவாதமா?

இல்லை. அது தொண்டையைத் தாக்கும் ஒரு கிருமியின் சுவட்டைக் காட்டுவது. முடக்குவாதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தேன்கனிக்கோட்டை: ஆர்.ஏ. நெகட்டிவ் வந்தால்…

இதே கேள்விக்கு இருமுறை பதில் சொல்லியாயிற்று. எண்ணை விட்டுவிட்டு மூட்டைக் காட்டி மருத்துவரைப் பாருங்கள்.

பாப்பாரப்பட்டி: வலி நின்றுவிட்டது, சி.ஆர்.பி.யும் இயல்பு. மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிடட்டுமா, ஐயா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், அம்மா. வலி அடங்கியிருப்பது அந்த மருந்தால்தான். நிறுத்தினால் அழற்சி மீண்டும் கிளம்பக்கூடும். குறைப்பதா என்பதை உங்கள் மருத்துவர் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்வார். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள், அந்த மருந்து கருவுக்கு ஆகாது. மீண்டும் சொல்கிறேன்: வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் உட்கொண்டு, வாய்ப்புண்ணும் ரத்த அணுக்குறைவுமாக உயிருக்குப் போராடும் நிலைக்கு வருபவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதை மாத்திரை அட்டையிலேயே தமிழில் எழுதி வையுங்கள்.