கிணற்று நீரில் உலோகம்: கேட்டவர்களுக்குப் பதில்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமக் கிணறுகளில் உலோகக் கலப்பை அளந்து வரைபடமாக்குவது பற்றிப் பலரும் கேட்டிருந்தார்கள். நீர்ப் பகுப்பாய்வே என் வேலை என்பதால் பதில் சொல்ல ஒப்புக்கொண்டேன்.

அக்கா, எங்கள் சனசமூக நிலையப் பிள்ளைகள் ஊர்க் கிணறுகளைச் சோதிக்கப் போகிறார்கள். முதலில் என்ன வாங்க வேண்டும்? (புத்தூர்)

ஒரு கொப்பியும் பேனாவும். கிணற்றின் ஆழம், நீர்மட்டம், கட்டு எழுப்பியதா வெறுங்கிணறா, மலசலகூடக் குழி எத்தனை மீற்றர் தள்ளி, வெங்காயத் தோட்டம் பக்கத்தில் உண்டா, கடைசியாக எப்போது இறைத்துக் கலக்கினார்கள், அந்த வாரம் மழை பெய்ததா என்பதையெல்லாம் கிணற்றடியில் நின்றே எழுதுங்கள். ஆய்வுகூடம் தருவது ஓர் எண் மட்டும். அது ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்பதற்குப் பதில் இந்தக் கொப்பியில்தான் இருக்கும்.

சோடாப் போத்தலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தால் போதாதா? (கைதடி, உயர்தர மாணவன்)

போதாது தம்பி. ஈயத்துக்கும் ஆசனிக்குக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம், கட்மியத்துக்கு 3. இவ்வளவு சிறிய அளவைத் தேடும்போது போத்தலில் ஒட்டியிருந்த அழுக்கே முடிவை மாற்றிவிடும். ஐதான நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்து, கனிமம் நீக்கிய நீரால் அலசிய பிளாஸ்ரிக் போத்தலை ஆய்வுகூடத்திடமே கேட்டு வாங்குங்கள். மாதிரி பிடித்ததும் அமிலம் சேர்த்து, அமிலத்தன்மையைக் காட்டும் அதன் பிஎச் அளவை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அமிலம் சேர்ப்பது பயிற்சி பெற்ற ஒருவரின் வேலை, உங்களுடையது அல்ல.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மாரியில் வலிகாமக் கிணறுகள் சில செம்மண் கரைந்து கலங்கி நிற்கும். அந்தத் தண்ணீரை வடிக்காமல் அமிலம் விட்டால், மண் துணிக்கையில் இருந்த உலோகமும் கரைந்து கணக்கில் ஏறிவிடும். ஆகவே இரண்டு போத்தல்: ஒன்று 0.45 மைக்ரோன் வடியினூடாக வடித்தது, மற்றது வடிக்காதது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் உலோகம் நீரில் கரைந்திருக்கிறதா, சேற்றோடு வருகிறதா என்று காட்டும்.

குழாயில் பிடிப்பதானால், இரவு முழுவதும் தேங்கிய தண்ணீர் ஒரு மாதிரி, சில நிமிடம் ஓடவிட்ட பின் இன்னொரு மாதிரி. முதலாவதில் மட்டும் ஈயம் கூடினால் கிணற்றைக் குறை சொல்லாதீர்கள். பித்தளைக் குழாயையும் பொருத்துகளையும் பாருங்கள்.

கொதிக்க வைத்துக் குடித்தால் உலோகம் போய்விடுமா? (சுன்னாகம்)

போகாது. தண்ணீர் ஆவியாகும், உலோகம் பானையிலேயே நிற்கும். கொதிக்க வைப்பது கிருமிக்கு.

இருபது கிணறுகளின் முடிவு கையில் இருக்கிறது. கணினியில் கொடுத்தால் பிரதேசம் முழுவதற்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் தீட்டித் தருகிறது. அதை வெளியிடலாமா? (கோப்பாய், ஆசிரியர்)

வேண்டாம் சேர். அழகான படம், ஆனால் இடையில் உள்ள நிறமெல்லாம் கணினியின் ஊகம். மணல் நிலத்தில் ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். நம் காலடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அதில் நீர் வெடிப்பும் குகையுமாகப் புகுந்து ஓடுகிறது. ஒரே வேலிக்கு இருபுறமும் உள்ள இரண்டு கிணறுகள் வெவ்வேறு வெடிப்பிலிருந்து ஊறலாம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவருமாக நிற்கும் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு, ஒரே கிணற்றிலேயே ஆழத்துக்கு ஆழம் நீர் மாறும் என்பது தெரியும்.

வங்காளதேசத்தில் 1990களின் இறுதியில் ஆசனிக்கைத் தேடி 3,500க்கு மேற்பட்ட கிணறுகளைச் சோதித்தார்கள். நாட்டுப் படம் எந்த மாவட்டம் மோசம் என்று சொன்னது. எந்தக் குழாய்க் கிணற்றில் குடிக்கலாம் என்று சொல்லவில்லை. அதற்குக் கிணறு கிணறாகச் சோதித்து, சிவப்பு, பச்சை வர்ணம் பூச வேண்டியிருந்தது. நீங்களும் புள்ளிகளை மட்டும் போடுங்கள். சோதிக்காத இடம் வெள்ளையாகவே இருக்கட்டும்.

இன்னொன்று: பழைய நில அளவைப் படத்தின் ஆள்கூறுகளும் கைபேசி தருபவையும் ஒரே அடிப்படையில் கணித்தவை அல்ல. மாற்றாமல் கலந்தால் கிணறு இருநூறு மீற்றருக்கு மேல் நகர்ந்து வேறொருவர் வளவில் போய் நிற்கும். சண்டைக்கு அது போதும்.

தொட்டியில் செந்நிறக் கறை படிகிறது. நஞ்சா? (உரும்பிராய்)

பெரும்பாலும் இரும்பு. லீற்றருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் சுவையும் உடுப்பும் கெடும். அந்த அளவில் நஞ்சு அல்ல.

என் கிணறு சிவப்புப் புள்ளியாக வந்தால் காணியை யார் வாங்குவார்கள்? (பெயர் வேண்டாம் என்றவர்)

நியாயமான பயம். முடிவு முதலில் உங்கள் கைக்கு வர வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் சரியான இடம் வெளியே போகக் கூடாது. பொதுப் படத்தில் ஒழுங்கை தெரியாத அளவுக்கு ஆள்கூற்றைச் சுருக்கலாம். ஆனால் குடியிருப்பவர்களிடமும் வாங்க வருபவரிடமும் மறைக்க நான் வழி சொல்ல மாட்டேன்.

உலோகம்தான் எங்கள் பெரிய பிரச்சினையா? (பருத்தித்துறை)

என் கணிப்பில் இல்லை. பசளையும் மலக்குழியும் தரும் நைத்திரேற்றுத்தான் குடாநாட்டில் முதலில் பார்க்க வேண்டியது. எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அதைத் தாண்டிய தண்ணீர் ஆபத்து. கிணற்றடிக்குப் போகும் அதே நாளில் அதற்கென்று தனிப் போத்தல் ஒன்று பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து உடனே ஆய்வுகூடத்தில் சேருங்கள். உலோகத்துக்கான அமிலத்தை மட்டும் அதில் சேர்த்துவிடாதீர்கள். அது நைத்திரிக் அமிலம். நைத்திரேற்றை நீங்களே ஊற்றியதாகிவிடும்.