கீழ்நிலை லீக் கிளப்களில் ரசிகர்களின் சந்தேகத்தை வென்ற கால்பந்து வீரர்கள் யார் யார்?

முதலில் ரசிகர்களின் நம்பிக்கையைப் பெறாமல், பிறகு அவர்களாலேயே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடப்பட்ட வீரர்கள் கீழ்நிலை லீக்குகளில் யார் என்று கேட்டால், பெரும்பாலானோர் ஜேமி வார்டியின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அவர் பொருத்தமான உதாரணம்தான். ஆனால் 2012-13 சாம்பியன்ஷிப் சீசனை, அதாவது பிரீமியர் லீக்கிற்கு ஒரு படி கீழே உள்ள இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கை, எடுத்துப் பார்த்தால் வார்டியோடு இன்னும் இரண்டு முன்கள வீரர்கள் வேறு இரண்டு கிளப்களில் இதே சோதனையில் இருந்தது தெரியும். வார்டிக்கு அவரது விலை பாரமாக இருந்தது. ட்ராய் டீனிக்குச் சிறைத் தண்டனை. கிளென் மர்ரேக்கு அவர் முன்பு அணிந்திருந்த பகைக் கிளப்பின் சட்டை. ரசிகர்களின் சந்தேகம் வீரரின் ஆட்டத்தைப் பார்த்த பிறகு பிறப்பதைவிட, அவர் எங்கிருந்து எப்படி வந்தார் என்பதிலிருந்தே பெரும்பாலும் பிறக்கிறது என்பதும், அது தீர்வதற்கு இரண்டாவது சீசன் ஒன்றும் அதுவரை அவரைக் கைவிடாத மேலாளர் ஒருவரும் தேவைப்படுகிறார்கள் என்பதும் என் கருத்து.

வார்டியை 2012 மே மாதத்தில் ஐந்தாம் நிலை லீக்கின் ஃப்ளீட்வுட் டவுன் கிளப்பிடமிருந்து லெஸ்டர் சிட்டி வாங்கியபோது கொடுத்த தொகை 10 லட்சம் பவுண்டு. முதல் நான்கு நிலைகளுக்கு வெளியே விளையாடிய ஒருவருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை கை கால்களைத் தாங்கிப் பிடிக்கும் மருத்துவக் கட்டைகள் (splints) தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற சிறு கிளப்பில் வாரத்துக்கு 30 பவுண்டுக்கு ஆடியவர் அவர். அந்தப் பின்னணி இன்று எல்லோரும் ரசித்துச் சொல்லும் கதை. அன்று அதுவே அவருக்கு எதிரான வாதமாக இருந்தது. முதல் சீசனில் லீக் ஆட்டங்களில் அவர் அடித்தது 4 கோல்கள் மட்டுமே. சமூக ஊடகங்களில் ரசிகர்கள் வறுத்தெடுத்தார்கள். கால்பந்தையே விட்டுவிடலாமா என்று அவர் யோசிக்கும் நிலை வந்தபோது, மேலாளர் நைஜல் பியர்சனும் துணைப் பயிற்சியாளர் கிரேக் ஷேக்ஸ்பியரும் அவரை உட்காரவைத்துப் பேசி, நீ இந்த நிலைக்குத் தகுதியானவன்தான் என்று நம்பவைத்து நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த சீசனில் 16 லீக் கோல்கள் வந்தன. லெஸ்டர் 102 புள்ளிகளோடு முதலிடம் பிடித்து பிரீமியர் லீக்கிற்குச் சென்றது. ஆனால் எதிரணித் தடுப்பாட்டக்காரர் பந்தைத் திருப்பி அனுப்ப முனையும் ஒவ்வொரு தடவையும், பந்து தனக்குக் கிடைக்காது என்று தெரிந்தும், முழு வேகத்தில் அவர்மேல் பாய்ந்த அந்த ஓட்டங்கள்தான் கோல்களுக்கு முன்பே கேலரியை மாற்றத் தொடங்கின என்று நினைக்கிறேன். கோல் அடிக்காத நாளிலும் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும் அல்லவா? 2016இல் பிரீமியர் லீக் கோப்பை, 2025இல் 500ஆவது ஆட்டத்தில் 200ஆவது கோலோடு விடைபெற்றது ஆகியவை ஊரறிந்த செய்திகள்.

டீனியின் கதை இதைவிடக் கடினமானது. வால்சால் கிளப்பிலிருந்து 2010இல் வாட்ஃபோர்டுக்கு வந்த அவர், முதல் சீசனில் பெரும்பாலும் வலது ஓரத்தில் ஆடவைக்கப்பட்டார். கோல்கள் மிகக் குறைவு. அவர்மேல் மெதுவாக நம்பிக்கை வளரத் தொடங்கிய நேரத்தில், 2012 ஜூனில் அடிதடி வழக்கில் பத்து மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தந்தை புற்றுநோயால் இறந்த அதே ஆண்டு அது. ஏறக்குறைய மூன்று மாதங்கள் உள்ளே இருந்துவிட்டுத் திரும்பியவரை கிளப் விலக்கிவைக்கவில்லை. எல்லா ரசிகர்களும் அதை வரவேற்றிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வன்முறைக் குற்றத்துக்காகச் சிறை சென்ற ஒருவரைத் தம் கிளப்பின் சட்டையில் பார்க்கத் தயங்குவது நியாயமான தயக்கம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்தத் தயக்கத்தை உடைத்த தருணம் 2013 மே 12 அன்று, பிரீமியர் லீக்கிற்கு மேலேறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் போட்டியின் அரையிறுதியில், இரண்டாம் ஆட்டத்தில் வந்தது. எதிரணி வார்டியின் லெஸ்டர். இரு ஆட்டங்களையும் சேர்த்து 2-2 என்று சமநிலையில் நிற்க, காயங்களுக்காகக் கூட்டப்பட்ட நேரமும் முடியும் தறுவாயில் லெஸ்டருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அந்தோனி நோக்கேர் அடித்த பந்தை வாட்ஃபோர்ட் கோல்கீப்பர் மானுவேல் அல்முனியா காலால் தடுத்தார்; திரும்பி வந்ததை மறுபடி அடித்தபோதும் தடுத்தார். பந்து வெளியேற்றப்பட்டு, மறுமுனைக்குப் பறந்து, சக வீரர் ஃபாரஸ்டியெரி ஓரத்திலிருந்து உள்ளே அனுப்பிய பந்து இன்னொரு சக வீரர் ஜானதன் ஹாக்கின் தலைக்கு வர, அவர் இறக்கிக் கொடுத்ததை டீனி ஒரே அடியில் வலைக்குள் செலுத்தினார். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் நேராகக் கேலரிக்குள் பாய்ந்து கூட்டத்தில் மறைந்துபோனார். பெனால்டிக்கும் இந்தக் கோலுக்கும் இடையே அரை நிமிடம்கூட இல்லை. பிறகு அவர் கேப்டனாகி 2015இல் கிளப்பைப் பிரீமியர் லீக்கிற்குக் கொண்டுசென்றதும், தொடர்ந்து மூன்று சீசன்களில் 20 அல்லது அதற்கு மேல் கோல் அடித்த முதல் வாட்ஃபோர்ட் வீரரானதும் தனிக் கதை.

அதே பிளே-ஆஃபின் இன்னொரு அரையிறுதியில் கிறிஸ்டல் பேலஸும் பிரைட்டனும் மோதின. இவ்விரண்டு கிளப்களுக்கும் ஆகவே ஆகாது. பிரைட்டனை மூன்றாம் நிலையிலிருந்து மேலேற்றிய கையோடு, 2011இல் ஒப்பந்தம் முடிந்து பேலஸுக்கு மாறியவர் மர்ரே. பகையாளியின் ஆள் என்ற பார்வை ஒரு பக்கம், சுமாரான முதல் சீசன் மறு பக்கம் என்று இருந்தாலும், அதே ஆண்டு செப்டம்பரில் பிரைட்டன் மைதானத்திலேயே 3-1 என்று வென்ற ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் அடித்தது அவருக்குப் பேலஸ் ரசிகர்களிடம் கொஞ்சம் மன்னிப்பு வாங்கிக்கொடுத்தது. 2012-13இல் 30 லீக் கோல்கள் அடித்த பிறகு யாரும் பழைய சட்டையைப் பற்றிப் பேசவில்லை. பிரைட்டனுக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறிய அவர், வெம்ப்ளியில் வாட்ஃபோர்டை வென்று பேலஸ் மேலேறிய இறுதியாட்டத்தில் விளையாட முடியவில்லை. பின்னர் பிரைட்டனுக்கே திரும்பிப் போய், அங்கே மனம் கசந்திருந்தவர்களையும் 2016-17இல் 23 கோல்களால் சமாதானப்படுத்தினார்.

மூன்றாம் நிலையில் லூக் ஓ'நியனைச் சொல்லலாம். அடுத்தடுத்து இரண்டு முறை கீழிறங்கி நொந்துபோயிருந்த சண்டர்லேண்டுக்கு 2018இல் நடுக்கள வீரராக வந்து, தொடக்கத்தில் தடுமாறி, வலது தடுப்பாட்டக்காரராக மாற்றப்பட்ட பிறகு நிலைபெற்றவர். ஆளை மாற்றாமல் இடத்தை மாற்றிய மேலாளருக்கு அதில் பாதிப் பங்கு உண்டு.

மேலே நான் சொன்ன கணக்குக்கு அடங்காதவர் கார்லைல் யுனைடெடின் கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ். 1999இல் நான்காம் நிலையிலிருந்து கீழே விழும் விளிம்பில் இருந்த கார்லைல், தன் வழக்கமான கோல்கீப்பரை விற்றுவிட்டு, அவசர அனுமதி பெற்று ஸ்விண்டன் டவுனிலிருந்து அவரைத் தற்காலிகமாக வரவழைத்தது. ரசிகர்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. மே 8 அன்று கடைசி ஆட்டத்தின் கடைசி நொடிகளில், 1-1 என்ற நிலையில் கிடைத்த கார்னருக்குத் தன் கோலை விட்டுவிட்டு எதிர்முனைக்கு ஓடிவந்து, தடுக்கப்பட்டுத் திரும்பிய பந்தை அவர் வலைக்குள் அடித்தார். கார்லைல் தப்பியது, அதற்குப் பதிலாக ஸ்கார்பரோ என்ற கிளப் கீழே விழுந்தது. அந்தக் கிளப்புக்காக அவர் ஆடியதே மொத்தம் மூன்று ஆட்டங்கள்தான்.