சாளை சாவது காற்றுக் குறைவினாலா? வள்ளத்தில் உயிர் இரை காப்பது பற்றி

கேள்வி: ஐயா, வணக்கம். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். 28 அடி ஃபைபர் வள்ளத்தில் சீலா, பாறை, ஊளிக்குத் தூண்டில் போடுகிறோம். செத்த இரையைவிட உயிர் இரையை மீன் நன்றாக எடுக்கிறது என்பதால், 300 லிட்டர் சதுரப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வள்ளத்தில் வைத்திருக்கிறேன். '500 கேலன்' என்று எழுதிய 12 வோல்ட் பம்ப் ஒன்று, பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் இரண்டு இருக்கின்றன. விடியற்காலையில் சாளை வலையில் விழும் மீனை உயிரோடு கழற்றி, 150 மீன் வரை தொட்டியில் விடுகிறோம். இரண்டு மணி நேரத்தில் பாதி செத்துவிடுகிறது. மீனின் மூக்கு சிவந்திருக்கிறது, செதில் மிதக்கிறது, தண்ணீர் நுரைக்கிறது. மூன்றாவது ஏர் மோட்டார் போடவா? ஐஸ் போடலாமா? ஆக்சிஜன் மாத்திரை வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: தம்பிக்கு வணக்கம். மூக்குச் சிவப்பு, செதில், நுரை என்று பார்த்ததை விடாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று அடையாளங்களே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகின்றன. மூன்றாவது ஏர் மோட்டார் வேண்டாம். உங்கள் சாளையில் பெரும்பகுதி தொட்டிக்குள் வருவதற்கு முன்பே சாகத் தொடங்கிவிடுகிறது. மிச்சத்தைத் தொட்டியின் மூலையும் பழைய தண்ணீரும் கொல்கின்றன.

முதலில் செதில். சாளை வலையில் மீன் கண்ணிக்குள் தலையை நுழைத்து, செவுள் மாட்டித்தான் நிற்கிறது. அதை விரலால் பிதுக்கிக் கழற்றும்போது செதிலோடு உடம்பின் வழுவழுப்பும் போய்விடுகிறது. சாளைக்குச் செதில் பிடிமானமே குறைவு, தொட்டாலே உதிரும். மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் சுற்றியுள்ள கடல் எப்போதும் மீனின் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்து நிற்பவை வழுவழுப்பும் தோலும்தான். அவை கிழிந்த இடத்தில் உடம்பு நீர் வெளியே போகத் தொடங்குகிறது. கடல்நீருக்குள் இருந்துகொண்டே மீன் வறண்டு சாகிறது. இதை எந்த ஏர் மோட்டாரும் நிறுத்தாது. கழற்றிய உடனே துள்ளி நீந்துகிற மீன் ஒரு மணி நேரம் கழித்துக் கவிழ்வதற்கு இதுதான் காரணம்.

ஆகவே இரைக்கான மீனைச் செவுள் வலையிலிருந்து எடுப்பதை நிறுத்துங்கள். அந்தச் சாளையைச் சந்தைக்கோ செத்த இரைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். உயிர் இரைக்கு, இறகு கட்டிய சிறு தூண்டில் வரிசையை இறக்கிப் பிடிக்கும் மீன் மிக நல்லது. உதட்டில் மட்டும்தான் காயம் இருக்கும். வாளிக்கு மேலே பிடித்து, மீனைக் கையால் தொடாமல் தூண்டிலைத் திருப்பி உதறி விட வேண்டும். வீச்சுவலை என்றால் கண்ணி மிகச் சிறியதாக இருக்கட்டும், ஒரு வீச்சில் கொஞ்சம் மீன் போதும், வலையை வள்ளத்துக்குள் தூக்கிக் கொட்டாதீர்கள். தண்ணீரிலேயே வலையைக் குவித்து, வாளியை உள்ளே அமுக்கி, மீனைத் தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுங்கள். முடிச்சு உள்ள கோருவலை, உலர்ந்த கை, சூடேறிய தளம் மூன்றும் ஆகாது.

எந்த மீன் என்பதையும் யோசியுங்கள். நெத்தலி மிக மென்மை, அதற்கு அடுத்தது சாளையும் சூடையும். கும்பளாவுக்கு நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது, ஓட இடம் வேண்டும். சின்னத் தொட்டியில் நிலைக்காது. பாறை இனத்துச் சிறு மீன்கள் நன்றாகத் தாங்கும். ஆனால் வளர்ந்தால் நல்ல விலை போகிற மீனின் குஞ்சை இரைக்காக அள்ளுவது நமக்கு நாமே செய்யும் நட்டம் என்பது என் கருத்து. தேவைக்கு நாலைந்து போதும்.

இனி மூக்குச் சிவப்பு. சாளை கூட்டமாக, நிற்காமல் நீந்துகிற மீன். வாயைத் திறந்தபடி முன்னே போனால்தான் அதன் செவுளுக்குள் தண்ணீர் நன்றாகப் பாயும். சதுரத் தொட்டியின் மூலையில் அந்த ஓட்டம் முட்டி நின்றுவிடுகிறது. பின்னால் வருபவை முன்னால் இருப்பவற்றை நெருக்கும், மூக்கு சுவரில் உராயும், சிவக்கும். தொட்டியை மாற்ற வசதி இருந்தால் வட்டமாகவோ முட்டை வடிவத்திலோ வாங்குங்கள். இல்லையென்றால் இருப்பதிலேயே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வளைத்து நான்கு மூலைகளையும் மூடிவிடலாம். தகட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி அழுகாதபடி மேலும் கீழும் துளை போடுங்கள். திருகாணியோ கம்பியோ உள்பக்கம் நீட்டக் கூடாது. உள் சுவர் வெளிர் நீலமாக இருந்தால் மீன் சுவரைப் பார்த்து விலகிப் போகும். இரவில் மேலே சின்ன விளக்கு ஒன்று மங்கலாக எரியட்டும், கும்மிருட்டில்தான் மீன் அதிகமாக முட்டிக்கொள்ளும்.

தண்ணீர் நுழையும் குழாயையும் சரிசெய்ய வேண்டும். மேலிருந்து கொட்டுவது போலவோ தொட்டியின் நடுவை நோக்கியோ வைத்திருந்தால் மாற்றுங்கள். அடிப்பக்கத்தில், சுவரை ஒட்டி, ஒரே திசையில் தள்ளும்படி எல்போ என்ற வளைவுக் குழாய் போட்டுத் திருப்பிவிட்டால் தண்ணீர் மெதுவாகச் சுழலும். சாளை அதை எதிர்த்து வட்டமாக நீந்தும். சுழற்சி வேகமாகிவிடக் கூடாது. மீன் நாள் முழுக்க ஓடிக் களைத்துவிட்டால் தூண்டிலில் மாட்டும்போது துடிப்பு இருக்காது. வெளியேறும் குழாய் நடுவில் நிற்கட்டும். அதன் தலைப்பில் அகலமான சல்லடை இருக்கட்டும். சல்லடை சிறிதாக இருந்தால் இழுப்பு ஒரே இடத்தில் கூடி, சோர்ந்த மீன் அதில் ஒட்டிக்கொள்ளும். வெளியேறும் குழாய் நுழையும் குழாயைவிடப் பெரிதாக இல்லையென்றால் தளம் முழுக்கத் தண்ணீர்தான்.

அடுத்தது பம்ப். உங்கள் தொட்டியில் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 500 கேலன் என்பது மணிக்கு 500 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 1,890 லிட்டர். அது பம்ப் எதையும் மேலே தூக்காமல், பேட்டரி முழு வலுவோடு இருக்கும்போது கிடைக்கிற கணக்கு. ஒரு மீட்டர் தூக்கி, இரண்டு எல்போ தாண்டி, பேட்டரியும் கொஞ்சம் இறங்கியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அப்படியானால் உங்கள் தொட்டித் தண்ணீர் ஒருமுறை மாறக் கால் மணி நேரம் ஆகிறது. சாளை போன்ற மீனுக்கு ஆறு முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது தொட்டியளவு தண்ணீர் உள்ளே வர வேண்டும். 300 லிட்டர் தொட்டிக்கு அது மணிக்கு 1,800 முதல் 3,000 லிட்டர். அட்டையில் அச்சடித்ததை நம்பாமல் அளந்து பாருங்கள். தொட்டிக்குள் விழும் குழாயை 20 லிட்டர் வாளியில் பிடியுங்கள். 30 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 2,400 லிட்டர், நல்லது. 60 விநாடி ஆனால் 1,200 லிட்டர்தான், போதாது. பெரிய பம்ப் போடும்போது பேட்டரியையும் கணக்குப் பாருங்கள். 4 ஆம்பியர் இழுக்கும் பம்ப் எட்டு மணி நேரம் ஓடினால் 32 ஆம்பியர்-மணி போய்விடும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலிருந்து இதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

தண்ணீர் மாறுவதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அந்த நுரைதான் காரணம். நுரை என்பது மீனிலிருந்து வந்த வழுவழுப்பும் கக்கிய இரையும் கழிவும் தண்ணீரில் சேர்ந்திருப்பதற்கான அடையாளம். கூடவே செவுள் வழியாக அம்மோனியாவும் வெளியேறிக்கொண்டிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. நம் கடல்நீர் காரத்தன்மை உள்ளது, வெப்பமும் அதிகம். இவை இரண்டும் சேரும்போது அம்மோனியாவின் நச்சுப் பகுதி கூடுகிறது. ஏர் மோட்டார் காற்றைத்தான் தரும், கழிவை எடுக்காது. ஆக்சிஜனையும் ஏர் மோட்டாரால் ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் கடல்நீரில் அதிகபட்சம் 6.2 மில்லிகிராம் அளவுதான் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். இரண்டு மோட்டார் போட்டாலும் நாலு போட்டாலும் அந்த உச்சி மாறாது. கடலிலிருந்து வரும் புதுத் தண்ணீரோ ஆக்சிஜனையும் கொண்டுவரும், கழிவையும் அடித்துக்கொண்டு போகும்.

லட்சத்தீவில் உள்ள மினிக்காய் தீவுக்காரர்கள் தூண்டில் கம்பில் சூரை பிடிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் ஊர் மாசிக் கருவாட்டுக்கு உரிய சூரைதான். மினிக்காயிலும் மாலத்தீவிலும் அந்தத் தொழில் முழுக்க உயிர் இரையை நம்பித்தான் நடக்கிறது. பவளத் திட்டுக் கழியில் சின்ன மீன்களை வலையில் தூக்கி, படகிலேயே காத்து, சூரைக் கூட்டத்தின் நடுவே வீசுவார்கள். இன்ஜின் இல்லாத காலத்திலேயே அவர்களுடைய படகின் இரை அறைக்கு அடியில் துளைகள் இருந்தன. அதன் வழியே கடல் தானாக உள்ளே வரும், ஆட்கள் அதை இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு குமிழி கிடையாது, ஓயாத புதுத் தண்ணீர் மட்டும்தான். உங்கள் பம்ப் செய்ய வேண்டிய வேலையும் அதுவே.

ஏர் மோட்டார்களைத் தூக்கி எறிய வேண்டாம், அவற்றுக்கு ஒரு நேரம் உண்டு. துறைமுகத்துக்குள் கலங்கல், டீசல் படலம் இருக்கும் இடத்தைக் கடக்கும்போது பம்பை நிறுத்திவிட்டு ஏர் மோட்டாரில் ஓட்டுங்கள். வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணி வெள்ளம் இறங்கும் நாட்களில் புன்னைக்காயல் முகத்துவாரப் பக்கம் மேல்மட்டத்தில் நன்னீர்தான் ஓடும். அங்கேயும் அப்படியே செய்யுங்கள். தெளிந்த நீல நீருக்கு வந்ததும் பம்பைப் போடுங்கள். தண்ணீர் இழுக்கும் வாய் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. பித்தளை, செம்பு இணைப்புகளும் வேண்டாம், செம்பு கடல் உயிர்களுக்கு நஞ்சு. தொட்டியைச் சோப்புப் போட்டும் கழுவாதீர்கள். கடல்நீரும் வெயிலும் போதும்.

பம்புக்கு முன்னால் உள்ள ஹோஸில் எங்கேயாவது காற்று உறிஞ்சுகிறதா என்றும் பாருங்கள். பால் போலப் பொடிக் குமிழிகள் தொட்டிச் சுவரில் ஒட்டி நின்றால் அதுதான். காற்று அழுத்தத்தோடு தண்ணீரில் கரைந்து, பிறகு மீனின் துடுப்பிலும் கண்ணிலும் குமிழியாக வெளிப்படும். கிளாம்பை இறுக்கினால் நின்றுவிடும்.

ஐஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிக்கு அது வீண் செலவு. மணிக்கு 2,000 லிட்டர் உள்ளே வரும் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி குளிர வைக்க 25 கிலோ ஐஸ் உருக வேண்டும். பம்பை நிறுத்தி ஏர் மோட்டாரில் ஓட்டும் அந்தச் சிறு நேரத்துக்கு வேண்டுமானால், தண்ணீரை உறைய வைத்த பாட்டிலை மூடியோடு மிதக்க விடலாம். ஐஸை நேராகக் கொட்டினால் உப்பு குறையும். குளோரின் கலந்த தண்ணீரில் செய்த ஐஸ் என்றால் செவுளும் போகும். கடலுக்கும் தொட்டிக்கும் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். வெயிலுக்கு ஒரு மூடியும் மேலே நனைந்த சாக்கும் போதும்.

மாத்திரை வேண்டாம். ஓடும் தண்ணீரில் அது அடித்துக்கொண்டு போய்விடும், நிற்கும் தண்ணீரில் அளவு கூடினால் செவுளை எரிக்கும்.

எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு சாண் சாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 300 லிட்டருக்கு 75 மீன். நீங்கள் அதற்கு இரண்டு பங்கு விடுகிறீர்கள். முடிந்தால் முதல் நாளே பிடித்து, தெளிந்த நீரில் மிதக்கும் வலைக்கூண்டில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அடிபட்டது கூண்டிலேயே செத்துவிடும், மிச்ச மீனின் வயிறு காலியாகும். வயிறு காலியான மீன் தொட்டியைக் கெடுக்காது. கூண்டின் வலை முடிச்சில்லாததாக இருக்கட்டும். மண்டபம் பக்கம் கடல் விரால் கூண்டு போட்டவர்கள் உங்களுக்குத் தெரிந்தால் ஒருமுறை போய்க் கட்டும் விதத்தைப் பாருங்கள்.

கடலில் இருக்கும்போது செத்த மீனை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள். கணவாயையும் மீனையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள், ஒருமுறை மை கக்கினால் எல்லாம் நாசம்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. 300 லிட்டர் தண்ணீர் 300 கிலோவுக்கு மேல். அதை அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், வைக்காமல், வள்ளத்தின் நடுக்கோட்டில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைத்து இறுகக் கட்டுங்கள். ஓடும்போது ஒன்று தொட்டி விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும் அல்லது முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். பாதித் தண்ணீர் ஒரே பக்கம் சாய்ந்து அலையோடு சேர்ந்தால் வள்ளத்தையே கவிழ்க்கும், உள்ளே மீனும் சுவரில் அடிபடும். அவசரத்தில் ஒரே இழுப்பில் திறக்கிற மாதிரி அடியில் பெரிய அடைப்பான் ஒன்று வையுங்கள், அது எங்கே இருக்கிறது என்று கூட வரும் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். மூலையை மூடி, குழாயைத் திருப்பி, வாளி வைத்து அளந்த பிறகு எத்தனை விநாடி வந்தது என்று எழுதுங்கள்; எந்தப் பம்ப் வாங்கலாம் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.