பிரிடீனில் எண்ணாத தனிச்சோடியைப் பிரோலில் ஏன் எண்ணுகிறோம்?

கோப்பாயிலிருந்து முதலாம் ஆண்டு விஞ்ஞான மாணவி ஒருவர் கேட்கிறார்: "பிரிடீன், பிரோல் இரண்டும் அரோமற்றிக் சேர்வைகள். இரண்டிலும் நைதரசனில் ஒரு தனிச்சோடி இருக்கிறது. பிரோலில் அதைச் சேர்த்து 6 இலத்திரன் என்கிறார்கள், பிரிடீனில் விட்டுவிடுகிறார்கள். பரீட்சையில் தெரியாத வளையம் ஒன்றைத் தந்தால் எண்ணுவதா, விடுவதா?"

தங்கச்சி, இந்த இடத்தைப் பலர் மனப்பாடம் செய்தே கடந்துவிடுகிறார்கள். அது வேண்டாம். தனிச்சோடி (பிணைப்பில் சேராமல் ஓர் அணுவிலேயே இருக்கும் இரண்டு இலத்திரன்கள்) எந்தத் திசையில் நிற்கிறது என்று பாருங்கள், போதும்.

வீட்டில் காய்ப் பப்பாசி இருந்தால் குறுக்காக ஒரு வட்டத் துண்டு வெட்டுங்கள். அதுதான் வளையத்தின் தளம். விளிம்பையொட்டி ஆறு ஈர்க்குகளை நிமிர்த்திக் குத்துங்கள். மேலும் கீழும் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வோர் ஈர்க்கும் ஓர் அணுவின் பி ஒபிற்றல், அதாவது இலத்திரன் உலவும் வெளி. அவை சமாந்தரமாக அடுத்தடுத்து நிற்பதால் பக்கவாட்டில் மேற்பொருந்துகின்றன. இலத்திரன்கள் ஓர் அணுவோடு நிற்காமல் வளையம் முழுக்கப் பரவுகின்றன. ஓரிடப்பாடற்ற இலத்திரன் என்று எழுதுகிறோமே, அது இதுதான். இப்படிப் பரவுவதால் கூடுதல் நிலைப்புப் பெறும் வளையமே அரோமற்றிக். பென்சீனின் காபன்-காபன் பிணைப்புகள் ஆறும் ஒரே 139 பிக்கோமீற்றர் நீளத்தில் இருப்பதும் இதனால்தான்.

இனி ஏழாவது ஈர்க்கை எடுத்து, விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகக் கிடையாகக் குத்துங்கள். நிமிர்ந்து நிற்கும் ஆறுக்கும் அது செங்குத்து. அவற்றோடு மேற்பொருந்த வழியே இல்லை. பிரிடீனின் தனிச்சோடி இப்படித்தான் கிடக்கிறது. அந்த ஆறணு வளையத்தில் நைதரசன் ஏற்கெனவே வளையத்துக்குள் ஓர் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. அதன் நிமிர்ந்த ஒபிற்றல் அந்தப் பிணைப்புக்கு ஓர் இலத்திரனைக் கொடுத்தாயிற்று. ஓர் அணுவுக்கு நிமிர்ந்த ஈர்க்கு ஒன்றுதான், ஆகவே தனிச்சோடி தளத்திலேயே எஸ்பி2 ஒபிற்றலில் தங்குகிறது. ஐந்து காபனிலிருந்து 5, நைதரசனிலிருந்து 1, மொத்தம் 6.

ஐந்தணு வளையமான பிரோலில் கதை வேறு. நைதரசன் இரண்டு காபனோடும் ஓர் ஐதரசனோடும் சேர்ந்திருக்கிறது. தளத்தில் இடம் முடிந்துவிட்டது. வளையத்துக்குள் அதற்கு இரட்டைப் பிணைப்பும் இல்லை. தனிச்சோடி நிமிர்ந்த ஒபிற்றலுக்குப் போகிறது. நான்கு காபனிலிருந்து 4, அதோடு 2, மறுபடியும் 6.

ஆக, வரைந்த கட்டமைப்பில் அந்த அணுவுக்கு வளையத்துக்குள் இரட்டைப் பிணைப்பு இருந்தால் தனிச்சோடியை விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சோடியை எண்ணுங்கள். ஒரு சோடிதான்: பியூரானின் ஒட்சிசனில் இரண்டு சோடி இருந்தாலும் ஒன்றுதான் நிமிர்ந்து நிற்கும். மொத்தத்தை 4ஆல் வகுத்து மீதி 2 வந்தால் அரோமற்றிக் ஆவதற்கு ஜேர்மன் விஞ்ஞானி ஹுக்கல் 1931இல் சொன்ன நிபந்தனை சரி. வளையம் தட்டையாக இருக்கிறதா என்பதையும் மறக்க வேண்டாம்.

இது வெறும் எண்ணிக்கை விளையாட்டல்ல, ஆய்வுகூடத்திலும் தெரிகிறது. பிரிடீனின் சோடி சும்மா கிடப்பதால் புரோத்தனை ஏற்கிறது; இணை அமிலத்தின் (புரோத்தனை ஏற்ற வடிவத்தின்) பிகேஏ பெறுமானம் 5.2. இந்தப் பெறுமானம் கூடக்கூடப் புரோத்தனை ஏற்பது இலகு. பிரோலுக்கு அது -4க்குக் கிட்ட. அதுவும் புரோத்தன் போய்ச் சேருவது நைதரசனில் அல்ல, காபனில்! வளையத்துக்குக் கொடுத்த சோடியை நைதரசன் திருப்பி எடுத்தால் அரோமற்றிக் நிலைப்பு போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இமிடசோல். ஒரே ஐந்தணு வளையத்தில் இரண்டு வகை நைதரசனும் இருக்கின்றன. ஐதரசனைச் சுமக்கும் நைதரசன் பிரோல் வகை, 2 கொடுக்கிறது. இரட்டைப் பிணைப்பில் உள்ளது பிரிடீன் வகை, 1 கொடுக்கிறது. மூன்று காபனிலிருந்து 3. கூட்டினால் 6. இந்த வளையம்தான் ஹிஸ்டிடின் அமினோ அமிலத்தில் இருக்கிறது. குருதியின் ஈமோகுளோபினில் இரும்பைப் பிடித்து நிற்பது அந்தப் பிரிடீன் வகை நைதரசனின் கிடைச் சோடி.

கடைசியாக, நம் தோட்டத்துப் புகையிலையில் உள்ள நிக்கொற்றின். அதில் ஒரு பிரிடீன் வளையமும் நைதரசன் உள்ள ஓர் ஐந்தணு வளையமும் இருக்கின்றன. இரண்டாவதைப் பிரோல் என்று எழுதிவிடாதீர்கள். அதில் இரட்டைப் பிணைப்பே கிடையாது, அரோமற்றிக்கும் அல்ல. அந்த நைதரசன் எஸ்பி3. அதன் சோடி பிரிடீனுடையதைவிட இலகுவாகப் புரோத்தனை ஏற்கும். நிக்கொற்றின் முதலில் எந்த நைதரசனில் புரோத்தனை ஏற்கும் என்று கேட்டால், விடை அந்த ஐந்தணு வளையம்தான்.