பலசரக்குக் கடையில் பெண்கள் பொறுப்புக்கு வருவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருநெல்வேலி, வள்ளியூர், அம்பாசமுத்திரம் வட்டாரங்களிலிருந்து கடை முதலாளிகளும் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களும் அனுப்பிய கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்களில் ‘பத்துப் பேர்’ என்ற எண் அடிக்கடி வரும் என்பதால், உங்கள் கடையில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதை எண்ணி வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

கேள்வி: பாளையங்கோட்டையில் சூப்பர் மார்க்கெட் நடத்துகிறேன். பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றாலும் மேற்பார்வைப் பொறுப்புக்கு ஒருவரும் வர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

சம்பளத்தைக் கூட்டித் தீர்க்கக்கூடிய தயக்கமன்று இது. நம் பக்கத்து அண்ணாச்சிகள் சென்னையிலும் பிற ஊர்களிலும் கடை போட்டு நிலைத்த விதத்தை எண்ணிப் பாருங்கள். ஊரிலிருந்து போன பையன் முதலில் கடை கூட்டினான், பொட்டலம் மடித்தான். பிறகு தராசு பிடித்தான். நம்பிக்கை வந்தபின் கல்லாவில் உட்கார்ந்தான். முதலாளியோடு மண்டிக்குப் போய்ச் சரக்கின் தரம் பார்க்கவும் விலை பேசவும் பழகினான். பல இடங்களில் முதலாளியே கைகொடுத்து அவனுக்குத் தனிக்கடை வைத்துத் தந்தார். அந்த வரிசையை உங்கள் கடையில் பில் போடும் பெண்ணுக்குப் பொருத்திப் பார்த்தால், பொட்டலமும் பில்லும் அவருக்கு அத்துப்படி, ஆனால் மண்டியையும் கொள்முதலையும் அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை என்பது தெரியவரும். நடுவில் உள்ளதைக் காட்டாமல் ‘நாளையிலிருந்து நீதான் சூப்பர்வைசர்’ என்றால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

ஆகவே பதவிப் பேச்சை ஒத்திவைத்துவிட்டுக் கொள்முதலில் தொடங்குங்கள். மசாலாப் பொடிகளோ, அப்பளமும் ஊறுகாயுமோ, ஏதேனும் ஒரு பிரிவை முழுமையாக ஒருவர் பொறுப்பில் விடுங்கள். இருப்பு எடுப்பது, ஆர்டர் எழுதுவது, ஏஜென்சி ஆளிடம் பேசுவது, காலாவதித் தேதி பார்த்து முதலில் முடிவதை முன்வரிசையில் அடுக்குவது எல்லாவற்றையும் அவரே செய்யட்டும். வாரத்துக்கு இத்தனை ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே ஆர்டர் போடலாம் என்று வரம்பையும் சொல்லிவிடுங்கள். கொள்முதல் பில்லை அவரிடம் மறைக்கக் கூடாது. பல முதலாளிகள் கைவிடும் இடம் இதுதான். அடக்க விலை தெரியாதவரிடம் லாபத்துக்குப் பொறுப்பு கேட்பதில் நியாயமில்லை. 80 ரூபாய் அடக்கமுள்ள பொருளை 100 ரூபாய்க்கு விற்றால், லாபம் அடக்கத்தின் மேல் 25 சதவீதம், விற்பனையில் 20 சதவீதம் என்ற வேறுபாட்டை ஒரே மாலையில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு, ‘பத்து வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று ஏஜென்சிக்காரர் ஸ்கீம் சொல்லும்போது, கிடைக்கும் தள்ளுபடி 10 சதவீதம் இல்லை, 9 சதவீதத்தைச் சற்றே தாண்டியதுதான் என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்வார்.

அவரிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவையும் கேட்டு வாங்குங்கள். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகும் குடும்பங்கள் அங்கேயே தங்கிச் சமைப்பவை. அதற்கு முந்தைய வாரம் எண்ணெய் எந்த அளவு பாக்கெட்டில் அதிகம் போகிறது, எந்தப் பொருள் இல்லையென்று திரும்பிப் போகிறார்கள் என்பதெல்லாம் குடோனில் நிற்பவரைவிடப் பில் மேசையில் இருப்பவருக்கே தெரியும். ஊர்க்கொடைச் சமயங்களுக்கும் இது பொருந்தும். அந்த வாரத்து ஆர்டரை அவரைக் கேட்டு எழுதிப் பாருங்கள்.

கேள்வி: வள்ளியூரில் ஒரு கடையில் எனக்கு மேற்பார்வைப் பொறுப்பு தந்திருக்கிறார்கள். குடோனில் உள்ள மூத்த அண்ணாச்சிகள் நான் சொல்வதைக் கேட்பதில்லை. ‘ஏ பிள்ள’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலாளியிடம் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் புகாராகச் சொல்லாமல் ஒரு கோரிக்கையாகச் சொல்லுங்கள். குடோனுக்கு வரும் லோடை எண்ணிச் சரிபார்த்து வரவுச் சீட்டில் கையெழுத்திடும் அதிகாரம் உங்களுக்கு மட்டுமே உண்டு என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்க வேண்டும். உங்கள் கையெழுத்து இல்லாமல் லாரிக்காரர் புறப்பட முடியாது என்ற நிலை வந்தால், மற்றவை பெரும்பாலும் தாமே சரியாகிவிடும். நீங்கள் எடுத்த முடிவை யாரேனும் நேரே முதலாளியிடம் கொண்டுபோனால், அவர் ‘அவங்ககிட்டப் பேசிக்கோங்க’ என்று திருப்பி அனுப்ப வேண்டும்; ஒருமுறை அவரே மாற்றிச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் பேச்சு எடுபடாது. மூத்தவர்களை நீங்கள் தொடர்ந்து அண்ணாச்சி என்றே அழையுங்கள். அதனால் உங்கள் அதிகாரம் குறையாது. உங்களை அக்கா என்றோ பெயர் சொல்லியோ அழைக்க வேண்டும் என்பதை மட்டும் முதல் வாரத்திலேயே சிரித்த முகத்துடன் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழக்கிவிட்ட பிறகு கல்யாணம், பிரசவம் என்று போய்விடுகிறார்களே, பெண்களுக்குப் பயிற்சி தருவது வீண் செலவில்லையா? (ஒரு முதலாளி)

ஆண்களும் போகிறார்கள். பழகிய பையன் தனிக்கடை வைக்கப் போனபோது நம் பெரியவர்கள் அதை நஷ்டக் கணக்கில் எழுதவில்லை. போனவர் பின்னாளில் சரக்கு வாங்கவும் மாற்றிக்கொள்ளவும் துணையானார்.

பிரசவத்தைப் பொறுத்தவரை, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கடைகளுக்குச் சட்டம் தெளிவாக உள்ளது: முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு. இதில் பல முதலாளிகள் கவனிக்காத ஒன்று உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்டு, உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்ட பெண்ணுக்கு அந்த விடுப்புக்காலப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது, அது உங்கள் கல்லாவிலிருந்து போவதில்லை. நீங்கள் மாதந்தோறும் கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம், பணியாளர் பங்கு 0.75 சதவீதம். அவர் திரும்பி வந்ததும் பழைய பொறுப்பையே கொடுக்காமல் மறுபடி பொட்டலம் கட்ட நிறுத்தினால், அவர் வேலையை விட்டதற்குக் குழந்தையைக் காரணம் சொல்ல முடியாது.

கேள்வி: நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறோம். உட்கார உரிமை உண்டு என்பது உண்மையா?

உண்மை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவின்படி, பணியாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்குக் கடையில் இருக்கை வசதி இருந்தே ஆக வேண்டும். வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதும் அதே சட்டத்தில் உள்ளது; கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணியைத் தாண்டக் கூடாது.

கேள்வி: கடை அடைக்க இரவு ஒன்பதரை ஆகிறது. முக்கூடல் பக்கம் போகும் பெண்கள் பஸ்ஸுக்குத் தவிக்கிறோம். இரவு வேலைக்கு மறுத்தால் பொறுப்பு தரமாட்டார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்க அனுமதித்த 2022-ஆம் ஆண்டு அரசாணை (2025-இல் நீட்டிக்கப்பட்டது), சாதாரணமாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. எழுத்துப்பூர்வமான சம்மதம் பெற்று, தக்க பாதுகாப்புடன் மட்டுமே அதற்கு மேல் வேலை தரலாம். ஷிஃப்ட் முறையில் வரும் பெண்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடும் முதலாளியின் கடமை. பொறுப்பை இரவு வேலையோடு முடிச்சுப் போட வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. கடை திறப்பதும், காலையில் லோடு வாங்குவதும், ஆர்டர் போடுவதும் பகல் வேலைகள். அவற்றில்தான் கடையின் லாப நஷ்டமும் இருக்கிறது. இரவில் கல்லா எண்ணி முடிப்பவரே மேலாளர் என்ற பழைய வழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: எங்கள் கடையில் எட்டுப் பேர்தான். ஒருவர் தவறாக நடந்துகொண்டால் எங்கே சொல்வது?

பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கென பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். முதலாளியே குற்றவாளி என்றாலும் இதே குழுவிடம் போகலாம்.

கேள்வி: களக்காடு பக்கம் கணவர் நடத்திய கடையை, அவர் காலமான பிறகு நான் நடத்துகிறேன். வரும் சேல்ஸ்மேன்கள் ‘அண்ணாச்சி மகன் இல்லையா?’ என்கிறார்கள், கடன் சரக்குத் தர யோசிக்கிறார்கள்.

முதலில் தாள்களைச் சரிசெய்யுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு கணவர் பெயரில் இருந்தால், அவர் மறைந்த 90 நாட்கள் வரை வாரிசுக்காக அது செல்லும்; அதற்குள் உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கெடு கடந்திருந்தால் தாமதமின்றிப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். ஜி.எஸ்.டி. எண் இருந்தால், உங்கள் பெயரில் புதுப்பதிவு எடுத்து, ஐ.டி.சி.-02 படிவம் வழியாக மீதமுள்ள உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு) மாற்றிக்கொள்ளலாம். வங்கியில் கடை பெயரில் நடப்புக் கணக்கு தொடங்குங்கள். முதல் தேவைக்கு, சிறுதொழில்களுக்கு வங்கிக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’ பிரிவிலும், அதற்கு மேல் 5 லட்சம் வரை ‘கிசோர்’ பிரிவிலும் கேட்கலாம். மாநில அரசின் மானியக் கடன்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள்.

அடுத்து, கணவரின் பற்று நோட்டை உட்கார்ந்து பாருங்கள். வெளியே நிற்கும் பாக்கியையும், ஏஜென்சிகளுக்குத் தர வேண்டியதையும் இரு பட்டியலாக எழுதி, தர வேண்டியவர்களிடம் நீங்களே நேரில் போய்த் தவணை பேசுங்கள். மகனையோ மைத்துனரையோ அனுப்பினால் அடுத்த முறையும் அவரைத்தான் கேட்பார்கள். பருப்புக்கும் வற்றலுக்கும் விருதுநகர் மண்டி விலையைத் தினமும் பார்த்துக் குறித்து வைத்திருந்து, சேல்ஸ்மேன் விலை சொல்வதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டால் பேச்சின் தோரணையே மாறும். தொடக்கத்தில் கடனே கேட்காமல், ரொக்கத்துக்குக் கிடைக்கும் கழிவைக் கேட்டு வாங்குங்கள். சில பில்கள் உங்கள் கணக்கிலிருந்து தவணை தவறாமல் போன பிறகு, உங்கள் பெயரிலேயே கடன் வரம்பு எழுதித் தரும்படி ஏஜென்சியிடம் கேளுங்கள்.